மலைப்பாதைக்கு வந்த பெயரும் வாராத பெயரும்

கோல சிலாங்கூரிலிருந்து கிழக்கே நோக்கினால், மழை பெய்து ஓய்ந்த காலைப் பொழுதுகளில் அடிவானத்தில் ஒரு நீலக்கோடு தெரியும். அதுவே தித்திவங்சா மலைத்தொடர். புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் பிறந்தோர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டேதான் பால்வாளி தூக்கினர், பள்ளிக்கும் நடந்தனர். அதன்மேல் ஏறிப் பார்த்தவர் மிகச் சிலர். இன்று நிலைமை மாறியுள்ளது. நம் இளையோர் வார இறுதியில் குழுவாகச் சேர்ந்து உலு சிலாங்கூர் மலைகளுக்குச் செல்கின்றனர். உச்சியில் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். கண்ணுக்கும் காலுக்கும் நல்லதே. ஆயினும், 'இந்தப் பாதையை யார் போட்டது?' என்று அவர்களிடம் கேட்டால், 'வனத்துறை' என்பார்கள். சற்று விவரம் அறிந்தவர் 'வெள்ளைக்காரன்' என்பார்கள். இரண்டும் முழுமையான விடைகள் அல்ல. அதன்பொருட்டே இக்கட்டுரை.

முதலில் நிலத்தை அறிவோம். சிலாங்கூரின் கிழக்கு எல்லை நெடுகக் கிடக்கும் மலைக்காடுகள் இன்று சிலாங்கூர் மாநிலப் பூங்கா என்ற பெயரில் ஒன்றாகக் கருதப்படுகின்றன. உலு சிலாங்கூர், கோம்பாக், உலு லங்காட் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்துள்ள இதன் பரப்பு ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் மேல். தலைநகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இப்படியொரு பெருங்காடு இருப்பது பலருக்கும் வியப்பைத் தரும். சிலாங்கூர் ஆறு, கோம்பாக் ஆறு, லங்காட் ஆறு ஆகியவற்றின் தலைநீர் இக்காடுகளில்தான் ஊறுகிறது. சிலாங்கூர் ஆறு பிரேசர் மலைச் சரிவுகளை அடுத்துத் தோன்றி, கோல குபு பாருவைத் தொட்டு, பத்தாங் பெர்ஜுந்தை வழியாக வளைந்து நெளிந்து கோல சிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. ஆக, நாம் தொலைவிலிருந்து பார்த்த நீலக்கோட்டின் நீர் நம் வீட்டு வாசல் வரை வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

சடக்குகள் தோன்றுவதற்கு முன்பு ஆறுதான் பாதை. படகில் இயன்றவரை சென்று, அதன்பின் காட்டுத்தடம் பிடித்து மலையைக் கடந்தால் பகாங். இந்தத் தொடர்பு மிகப் பழையது. 1784-இல் டச்சுக்காரர்கள் கோல சிலாங்கூரின் புக்கிட் மலாவத்திக் கோட்டையைக் கைப்பற்றி, அதற்கு அல்திங்ஸ்பர்க் என்று தங்கள் பெயரையும் சூட்டினர். சுல்தான் இப்ராகிம் பகாங்குக்குச் சென்று பெண்டஹாராவின் படைத்துணையைப் பெற்றார். உள்நாட்டுக் காடுகளைக் கடந்து திரும்பி, 1785-இல் கோட்டையை மீட்டார். மலாவத்தியில் பீரங்கிகளையும் வெள்ளிமுடிக் குரங்குகளையும் காண வரும் மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது, அவர்கள் கண்கள் கடலை விட்டு மலைப்பக்கம் திரும்பும். கோட்டையை இழந்தது கடல்வழி வந்த எதிரியிடம். மீட்டுத் தந்தது காட்டுவழி.

அடுத்து நாம் நிற்கவேண்டிய இடம் அம்பாங் பெச்சா. கோல குபு பாருவுக்கு அருகிலுள்ள இச்சிற்றூரின் பெயருக்கு 'உடைந்த அணை' என்பது பொருள். பழைய கோல குபு இங்குதான் இருந்தது. ஈயச் சுரங்கங்களுக்கு நீர் தேக்குவதற்காகக் கட்டப்பட்ட பெரும் அணை ஒன்று ஊருக்கு மேற்பக்கம் நின்றது. 1883 அக்டோபர் 29 அன்று பெருமழையில் அந்த அணை உடைந்தது. ஊரின் பெரும்பகுதியை வெள்ளம் வாரிச் சென்றது. மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங்கும் மாண்டார். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதனால்தான் இவ்வாறு நேர்ந்தது என்பது அவ்வூர் மக்களின் கதை. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்; முதலையைச் சுட்டால் ஊர் அழியும் என்று சொன்னவர்களுக்கு, மேட்டு நீரோடு விளையாடக்கூடாது என்ற அறிவு இருந்தது என்பதை மட்டும் நான் நம்புகிறேன்.

ஏனெனில் பிழைத்தெழுந்த ஊரை மறுபடியும் மண்ணே விழுங்கிற்று. மேலே மலைச்சரிவுகளில் ஈயத்துக்காகத் தோண்டிக் கழுவிய மணலெல்லாம் ஆற்றில் இறங்கி, ஆற்றுப்படுகை ஆண்டுதோறும் உயர்ந்தது. வெள்ளம் வழக்கமாயிற்று. இறுதியில் 1920-களில் அரசு ஊரையே கைவிட முடிவு செய்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் நகர் அமைப்பாளராக இருந்த சார்ல்ஸ் ரீட், மேட்டு நிலத்தில் பூங்கா நகராக வரைந்த புதிய ஊர்தான் இன்றைய கோல குபு பாரு. மலையேறப் போகும்போது தேநீருக்காக நிற்கிறோமே, அந்த அழகிய சிறுநகர், மலைக்காட்டைச் சிதைத்ததற்காகச் செலுத்திய தண்டம்.

இனிப் பாதைகளுக்கு வருவோம்.

1894-இல் கோலாலம்பூரிலிருந்து வரும் இரயில் கோல குபுவை எட்டியது. அக்காலத்தில் பகாங்குக்குச் செல்வோர் இங்கு இறங்கியாக வேண்டும். இங்கிருந்து மலைத்தொடரின் இடைவெளியைக் கடந்து ரவூப், கோல லிப்பிஸ் நோக்கி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் சடக்கு அமைக்கப்பட்டது. மலையை வெட்டி, பாறையை உடைத்து, கல் பரப்பி, நூற்றுக்கணக்கான வளைவுகளுடன் அமைந்த சடக்கு அது. இன்று மோட்டார் சைக்கிளில் வருவோருக்கு அவ்வளைவுகள் களியாட்டம். அன்றைய மலாயாவில் காடு வெட்டி மண் அகழும் பணிகளில் சீன ஒப்பந்தக்காரர்களின் ஆட்களும் தமிழ்த் தொழிலாளரும் உழைத்தனர். போட்ட சடக்கையும் தண்டவாளத்தையும் ஆண்டு முழுதும் பேணும் வேலையோ பெரும்பாலும் தமிழர் கைகளிலேயே இருந்தது. பொதுப்பணித்துறையும் இரயில்வேயும் இதற்காகவே தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுத்தன. மலைச்சடக்கு போட்டால் முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு மழைக்கும் சரிவு இடியும்; கால்வாய் தூர்ந்துபோகும்; புல் ஏறும். மண்வெட்டியும் கூடையும் பாறையுமாகச் சடக்கோர லயங்களில் குடியிருந்தவர்கள் நம் பாட்டனார்கள். தோட்டத்துக்கு வந்தவர்களைப் பற்றி நமக்குக் கதைகள் உண்டு, பாடல்கள் உண்டு. சயாம் மரண இரயில்வேக்குச் சென்றவர்களைப் பற்றியும் ஓரளவு எழுதிவிட்டோம். மலைச்சடக்கில் வாழ்ந்தவர்களைப் பற்றி நாம் எழுதியது கைவிரல் எண்ணிக்கையில் அடங்கும்.

சடக்கையடுத்து அதிகாரிகளுக்குக் குளிர் தேவைப்பட்டது. 1892 முதல் 1896 வரை சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் வில்லியம் ஹூட் டிரீச்சர். அதற்கு முன் வட போர்னியோவின் முதல் ஆளுநர். 1893-இல் இவர் கோல குபுவுக்கு அருகிலுள்ள புக்கிட் குத்து என்ற மலையைத் தேர்ந்தார். மலாய் மொழியில் 'குத்து' என்றால் பேன். பேன்மலையில் ஓய்வெடுப்பது மாட்சிமைக்குப் பொருந்தாது என்று எண்ணினார்களோ என்னவோ, ஆங்கிலேயர் அதை 'டிரீச்சர் மலை' என்று அழைத்தனர். கடல்மட்டத்திலிருந்து 1,053 மீட்டர் உயரமுள்ள அம்மலையுச்சியில் பங்களாக்கள் எழுந்தன. வெப்பத்தில் வாடிய அதிகாரிகளும் நோயிலிருந்து தேறியவர்களும் அங்குச் சென்று தங்கினர்.

ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எளிய மலையன்று. பெர்தாக் என்னும் பூர்வக்குடிச் சிற்றூரில் தொடங்கி, ஓடையைக் கடந்து, மூங்கில் காட்டினூடே நுழைந்து, போகப்போகச் செங்குத்தாகும் தடம். உச்சியை அடைய மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அட்டைகள் கணக்கின்றி ஏறும். மேலே சென்றால் காட்டின் நடுவே செங்கல்லால் எழுப்பிய புகைபோக்கி ஒன்று கணப்பு அடுப்போடு தனியே நிற்கிறது. கூரையில்லை, சுவரில்லை. எல்லாரும் அதன்முன் நின்று படம் எடுக்கிறார்கள். அருகில் சென்று ஒரு செங்கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். வண்டி ஏறும் சடக்கு இம்மலைக்கு இருந்ததில்லை. குதிரையும் ஆளும் ஏறும் பாதை மட்டுமே இருந்தது. எனவே அந்தச் செங்கல்லும் சுண்ணாம்பும் விறகும் அரிசியும் துரைமார் குடித்த தேநீரும் யாரோ ஒருவரின் தோளிலோ ஒரு விலங்கின் முதுகிலோதான் மேலே வந்திருக்க வேண்டும். டிரீச்சரின் பெயர் மலைக்குச் சென்றது. தைப்பிங்கில் ஒரு பெண்கள் பள்ளிக்கும் சென்றது. சுமந்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

புக்கிட் குத்துவின் உச்சி மிகக் குறுகலானது. பெரியதொரு குடியிருப்புக்கு அங்கே இடமில்லை. ஆகவே வேறு மலை தேடினர். அந்தத் தேடலின் கதை சுவையானது. லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1890-களில் பகாங் எல்லை மலைகளில் ஈயத் தொழில் செய்து, கோவேறு கழுதைகளில் சுமை ஏற்றி இறக்கி, பின்னர் எங்குப் போனார் என்றே தெரியாமல் மறைந்துபோனார். 1917-இல் சிங்கப்பூர் ஆயர் பெர்குசன் டேவி அவரைத் தேடிச் சென்றார். பிரேசர் கிடைக்கவில்லை, மலை கிடைத்தது. இங்கு மலைவாசத்தலம் அமைக்கலாம் என்று ஆயர் அரசுக்கு எழுதினார். 1919-இல் வேலை தொடங்கி, 1922-இல் பிரேசர் மலை திறக்கப்பட்டது. 'கேப்' என்னும் கணவாயிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒருவழிச் சடக்கு. குறித்த நேரத்தில் மேலே செல்லும் வண்டிகளையும், குறித்த நேரத்தில் கீழே வரும் வண்டிகளையும் வாயில் வைத்து விட்டனர்.

பிரேசர் மலையின் நடைபாதைகளைச் சுற்றி வந்தால் பெயர்ப்பலகைகளே ஒரு வரலாற்று நூல். ஆயர் பாதை, ஹெம்மண்ட் பாதை, மேக்ஸ்வெல் பாதை, கிண்டர்ஸ்லி பாதை, மேகர் பாதை, அபு சுராடி பாதை. கிண்டர்ஸ்லி என்னும் பெயர் தோட்டப்புறத்தார் அறியவேண்டிய பெயர். காஜாங்கின் இன்ச் கென்னத் தோட்டத்தில், இந்நாட்டிலேயே முதன்முதலாக வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்ட சகோதரர்கள் கிண்டர்ஸ்லியர். பால்மரம் நட்டவர் குடும்பப் பெயர் மலையேறிவிட்டது. நான் மேலே எழுதிய பெயர்களுள் தமிழ்ப் பெயர் ஒன்றாவது உண்டா என்று தேடுங்கள்.

இது வெறும் பெயர் ஏக்கமன்று. இம்மலையடிவாரங்களில் நம்மவர் பெயரை மட்டுமா விட்டனர்? உயிரையும் விட்டனர். இங்கு மலேரியாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் பள்ளிப் பாடநூல்கள் இதைத் தொடுவதில்லை. 1901-இல் கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்து நீரை வடித்து, காட்டை அகற்றி, மலேரியாவைப் பெரிதும் குறைத்துக் காட்டினார். கடலோரச் சமநிலத்தில் நோயைப் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. நிழல் போனால் அதுவும் போயிற்று. அதே முறையை மலையடிவாரத் தோட்டங்களில் கையாண்டபோது நேர்மாறாக நடந்தது. மலைப்பகுதியின் கொசு வேறு. அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்பது அதன் பெயர். தெளிந்து ஓடும் ஓடையில், வெயில் படும் இடத்தில் முட்டையிடுவது அதன் இயல்பு. காடு மூடியிருந்தவரை ஓடைகள் இருண்டு கிடந்தன, கொசுவுக்கு இடமில்லை. ரப்பர் நடவும் சடக்குப் போடவும் காட்டை வெட்டியவுடன் ஓடையில் வெயில் விழுந்தது. வெட்டிய தொழிலாளியே முதலில் காய்ச்சலில் விழுந்தான். ஓடைகளில் எண்ணெய் தெளித்தும் நீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தியும் இதற்குத் தீர்வு காண வாட்சனுக்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் மலைத்தோட்டங்களில் செத்தவர்கள் பலர். ஊரிலிருந்து வந்து ஓராண்டு நிறையாதவர்களே அவர்களுள் மிகுதி.

ஒரே சிலாங்கூரில், கீழே காட்டை வெட்டியதால் நோய் குறைந்தது. மேலே காட்டை வெட்டியதால் நோய் பெருகியது. காட்டு ஓடையைக் கடக்கும்போது, தலைக்கு மேலே கவிந்திருக்கும் இலைகளைப் பார்த்து இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பின்னர் போர் வந்தது, ஜப்பானியர் வந்தனர், டிரீச்சர் மலைப் பங்களாக்கள் பாழாயின. போரை அடுத்து 1948 முதல் 1960 வரை அவசரகாலம். இதே மலைக்காடுகள் கம்யூனிஸ்டுப் போராளிகளின் மறைவிடமாயின. 1948 டிசம்பர் 12 அன்று பத்தாங் காலியை அடுத்த ரப்பர்த் தோட்டத்தில், ஆயுதம் ஏந்தாத சீனக் கிராமத்தார் 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். 1951 அக்டோபர் 6 அன்று பிரேசர் மலைக்குச் செல்லும் சடக்கின் வளைவொன்றில் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியைப் போராளிகள் பதுங்கியிருந்து சுட்டுக் கொன்றனர். கர்னியின் மரணத்தை உலகமே அறிந்தது. பத்தாங் காலி மக்களின் வாரிசுகளோ இலண்டன் நீதிமன்றங்கள்வரை சென்றும், 2015-இல் உச்ச நீதிமன்றம் பொது விசாரணைக்கான அவர்களின் கோரிக்கையை ஏற்கவில்லை. மலையோரத்தில் யாருடைய சாவு எழுதப்படுகிறது, யாருடையது எழுதப்படவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தோட்டத் தமிழருக்கும் இக்காலம் ஒரு பெரும் பிளவை உண்டாக்கியது. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றுசேர்த்து முள்வேலி இட்டனர். போராளிகளுக்கு உணவு போகிறதா என்று வெளியேறுவோரைச் சோதித்தனர். அதற்குமுன் விறகுக்கும் மூங்கில் குருத்துக்கும் காட்டுக்குள் இயல்பாகச் சென்று வந்தவர்கள், காடு என்றாலே சந்தேகம், சோதனை, துப்பாக்கி என்று அஞ்சும் நிலைக்கு ஆளாயினர். 'காட்டுப்பக்கம் போகாதே' என்று நம் தாய்மார் சொல்லி வளர்த்தது புலிக்கும் பாம்புக்கும் பயந்து மட்டுமன்று. மலையேறுதல் நம்மவர்க்குரியதன்று என்ற எண்ணம் இந்த முள்வேலிக்குள்தான் வேரூன்றியது என்பது என் கருத்து.

நம்மவர்க்கு முன்பும் இங்கு மக்கள் இருந்தனர், இன்றும் உள்ளனர் என்பதை விட்டுவிட்டு எழுதினால் அது அறமாகாது. பெர்தாக் வட்டாரத்துத் தெமுவான் மக்களுக்கு இம்மலைகள் முன்னோர் நிலம். ஆங்கிலேயர் குதிரைப்பாதை அமைக்குமுன்பே அவர்கள் தடம் அங்கிருந்தது. 2000-களின் தொடக்கத்தில் சிலாங்கூர் ஆற்றின்மீது பெர்தாக்கை அடுத்து அணை எழுந்தபோது, பெர்தாக், கெராச்சி ஆகிய இரு சிற்றூர்களின் மக்களும் இடம்பெயர்க்கப்பட்டனர். மலைக்குச் செல்லும் வழியில் நாம் வண்டியை நிறுத்தி, 'எவ்வளவு அழகு!' என்று வியக்கும் அந்த நீர்ப்பரப்புக்கு அடியில் அவர்களுடைய பழைய நிலம் கிடக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் ஏறத்தாழ 60 விழுக்காடு சிலாங்கூர் ஆற்று நீர்த்திட்டங்களிலிருந்து கிடைக்கிறது. ஆற்றின் கீழ்க்கோடியிலும் இதன் விளைவு உண்டு. கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தானில் இரவில் மின்மினிகள் ஒளிரும் பெரேம்பாங் மரங்களுக்கு, உவர்நீரும் நன்னீரும் அளவாகக் கலந்த கரை வேண்டும். மேலிருந்து வரும் நன்னீர் குறைந்தால் உப்பு ஏறும், மின்மினி குறையும். படகில் சென்று மின்மினி பார்க்கும் சுற்றுப்பயணிக்கு மலைக்காட்டின் நினைவு வருவதில்லை.

பெயரைப் பற்றித் தொடங்கினேன். ஒரு பெயரையேனும் மகிழ்ச்சியோடு சொல்லவேண்டும். பத்தாங் பெர்ஜுந்தை 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படுகிறது. அதற்கருகில், 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஹென்ரி போக்கோனியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கொங்கூர்ப் பரிசு பெற்றவரும் அவரே. உலகச் சந்தையையே ஆட்டிவைக்கும் மலேசியச் செம்பனை தோன்றிய அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆம், நம் தென்னைமரமே! ஆங்கில எழுத்தில் அது 'டென்னமாரம்' என்று திரிந்து நிற்கிறது. ஆயினும் அரசு வரைபடத்திலும் வேளாண்மை வரலாற்று நூல்களிலும் அழியாமல் இருக்கிறது.

எழுத்தில் ஏறாத இன்னொரு வரைபடமும் நம்மிடம் உண்டு. சடக்கில் நடப்பட்ட மைல்கற்களைக் கொண்டு 'எட்டாங்கட்டை', 'பதினாலாங்கட்டை' என்று நம் முதியோர் ஊர்களைக் குறித்தனர். சடக்கிலேயே வாழ்ந்தவர்கள் சடக்கின் கணக்கில்தானே ஊரைச் சொல்வார்கள்! மைல் போய்க் கிலோமீட்டர் வந்தபோது கற்கள் மாறின. கட்டைகள் முதியோர் வாயில் மட்டும் தங்கின. கோல குபுவுக்கும் கேப்புக்கும் இடையே எந்தக் கட்டையில் லயம் இருந்தது, எந்தக் கட்டையில் கோயில் இருந்தது, எந்த வளைவில் மண் சரிந்து யார் போனார் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டனர்.

மலையேற விரும்புவோர்க்கு ஒரு சொல். நிலைக்காப்புக் காடுகளுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும்; வெள்ளக் காலங்களில் ஆற்றோரப் பாதைகளை மூடிவிடுவதுண்டு; கேட்டறிந்து செல்லுங்கள். பெர்தாக்கில் வழிகாட்ட அவ்வூர் மக்களையே அழைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் வருவாய். புறப்படுவதற்கு முதல்நாள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள தாத்தா பாட்டியிடம், 'கோல குபு சடக்கில் நம்மாட்கள் யாராவது வேலை செய்தார்களா? எத்தனையாவது கட்டையில்?' என்று கேளுங்கள். பெயரைச் சொன்னால், முழுப்பெயரோடும் கட்டை எண்ணோடும் ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.